நிபுணர் வருகிறார், மீட்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்

தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் பேசுகிறார். திரையின் அடியில் ஒரு பட்டை: 'எரிசக்தி நிபுணர்.' பத்து நிமிடத்தில் பேச்சு தேர்தல் பக்கம் திரும்புகிறது. பட்டை மாறுகிறது: 'அரசியல் நோக்கர்.' விளம்பரம் முடிந்ததும் பங்குச்சந்தை. அதே கோட்டு, அதே டை, அதே ஆள். 'முதலீட்டு ஆலோசகர்.' தலைவலிக்கும் சளிக்கும் மூட்டுவலிக்கும் ஒரே தைலம் விற்கிற பஸ் ஸ்டாண்டு வியாபாரிகூட இவ்வளவு தைரியமாக லேபிளை மாற்றமாட்டார். அவருக்கு அடி விழும் என்ற பயம் உண்டு.

வீட்டுக்கு ஒரு சமையல்காரரை வைத்தால் விசாரிக்கிறோம். இதற்கு முன் எந்த வீடு, ஏன் நின்றீர்கள், அங்கே யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்ததா? மாப்பிள்ளை பார்த்தால் மூன்று தலைமுறையைத் தோண்டுகிறோம். நாட்டின் மின்சாரத்தை இருபது வருடத்துக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிற மனிதரை மட்டும் யாரும் கேட்பதில்லை. ஐயா, போன மாதம் யாரிடம் சம்பளம் வாங்கினீர்கள்? அடுத்த மாதம் யாரிடம் வாங்கப் போகிறீர்கள்?

இரண்டாவது கேள்விதான் முக்கியம். அதற்குப் பதில் பயோடேட்டாவில் இருக்காது. அடுத்த பயோடேட்டாவில் இருக்கும்.

பயோடேட்டா ஒரு விசித்திரமான இலக்கிய வடிவம். சுயசரிதையில்கூட மனிதர்கள் கைதவறி ஒன்றிரண்டு தோல்விகளை ஒப்புக்கொண்டுவிடுவார்கள். பயோடேட்டாவில் தோல்வியே கிடையாது. மூழ்கிய கப்பலில் வேலை பார்த்தவர் 'நீர்வழிப் போக்குவரத்தில் 12 ஆண்டு அனுபவம்' என்று எழுதுவார். கப்பல் என்னவாயிற்று என்று கேட்டால், 'அது வேறு பிரிவு' என்பார்.

இந்த இலக்கியத்தின் செவ்வியல் படைப்பு எது என்று கேட்டால் நான் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தைக் காட்டுவேன். 1985ல் இரண்டு எரிவாயுக் கம்பெனிகள் இணைந்து பிறந்தது என்ரான். குழாயில் வாயு அனுப்பிய கம்பெனி, போகப் போகக் குழாயைவிடக் காகிதத்தில் லாபம் அதிகம் என்று கண்டுபிடித்தது. அதன் தலைவர் கென்னத் லே பொருளாதாரத்தில் முனைவர். அமெரிக்க அரசின் மின்சார ஆணையத்தில் வேலை பார்த்தவர். பிறகு அரசிலேயே எரிசக்தி தொடர்பான உயர் பதவி. விதியை எழுதுகிற அறையில் தொழில் பழகி, எதிர் அறையில் கடை போட்டவர்.

கடைக்குத் தகுதியான ஆட்கள் வேண்டாமா? வந்தார்கள்.

வெண்டி கிராம். இவரும் பொருளாதார முனைவர். அமெரிக்காவின் முன்பேர வர்த்தகத்தைக் கண்காணிக்கும் ஆணையத்தின் தலைவி. 1993 ஜனவரியில், பதவியை விட்டுப் போகிற சமயத்தில், எரிசக்தி ஒப்பந்த வர்த்தகத்தின் ஒரு பகுதிக்குக் கண்காணிப்பிலிருந்து விலக்கு அளித்தது ஆணையம். விலக்குக் கேட்ட கம்பெனிகளில் என்ரானும் ஒன்று. பதவி முடிந்து சுமார் ஐந்தே வாரம். என்ரான் இயக்குநர் குழுவில் நாற்காலி தயார். பிரசவமான பெண்ணுக்குக்கூட நாற்பது நாள் ஓய்வு சொல்வார்கள் நம் பாட்டிகள்.

அவருடைய கணவர் பில் கிராம். முன்னாள் பொருளாதாரப் பேராசிரியர், டெக்சாஸ் செனட்டர், செனட்டின் வங்கிக் குழுத் தலைவர். மின்னணு எரிசக்திச் சந்தையைக் கண்காணிப்பிலிருந்து கழற்றிவிட்ட சட்டம் 2000 டிசம்பரில் நிறைவேறியது. அதை முன்னின்று நடத்தியவர்களில் அவர் ஒருவர். அந்தப் பிரிவுக்கு மக்கள் வைத்த பெயர் 'என்ரான் ஓட்டை.' மனைவி கொல்லைக்கதவைத் திறந்தார். கணவர் வாசற்கதவைத் திறந்தார். தம்பதி சமேதராய்ச் செய்த கைங்கர்யம். செனட்டிலிருந்து வெளியேறிய பில் கிராம் எங்கே போனார் என்கிறீர்களா? வங்கிக் குழுத் தலைவர் வேறு எங்கே போவார். யுபிஎஸ் வங்கிக்குப் போனார்.

அடுத்து ஜான் வேக்கம், பிரிட்டன் பிரபு. பட்டயக் கணக்காளர். மார்கரெட் தாட்சர் அரசில் எரிசக்தி அமைச்சர். இங்கிலாந்தின் டீசைடில் பிரமாண்டமான எரிவாயு மின்நிலையம் கட்ட என்ரானுக்கு 1990ல் அனுமதி கொடுத்தவர். 1994ல் அதே என்ரானின் இயக்குநர். தணிக்கைக் குழு உறுப்பினர். ஆலோசனைக் கட்டணமாக 2000ஆம் ஆண்டில் மட்டும் 72,000 டாலர், இயக்குநர் சம்பளம் தனி. என்ன ஆலோசனை சொன்னார் என்று தெரியவில்லை. 'கணக்கைக் கொஞ்சம் பாருங்கள்' என்பது அந்த ஆலோசனைகளில் ஒன்றாக இருந்ததற்கு மட்டும் அடையாளம் இல்லை.

அந்தத் தணிக்கைக் குழுவுக்குத் தலைவர் ராபர்ட் ஜேடிக். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பேராசிரியர், அங்கே வணிகப் பள்ளியின் டீனாகவும் இருந்தவர். ஆக, கணக்கியல் கற்பித்தவர் ஒருவர், கணக்காளரான முன்னாள் அமைச்சர் ஒருவர், சந்தையைக் கண்காணித்த முன்னாள் தலைவி ஒருவர். இதைவிடத் தகுதியான தணிக்கைக் குழு வேண்டுமென்றால் சித்திரகுப்தனைத்தான் டெபுடேஷனில் கூப்பிட வேண்டும்.

இவர்கள் மூக்குக்குக் கீழே நடந்ததைக் கேளுங்கள். கம்பெனியின் நிதி அதிகாரி ஆண்ட்ரூ ஃபாஸ்டோ, தானே தனியாகக் கூட்டு நிறுவனங்கள் தொடங்கி, என்ரானுடன் வியாபாரம் செய்ய அனுமதி கேட்டார். விற்பவரும் அவர், வாங்குபவரும் அவர், விலை சரிதான் என்று சொல்கிறவரும் அவர். கம்பெனியின் நன்னடத்தை விதி இதைத் தடுத்தது. இயக்குநர் குழு என்ன செய்தது? விதியை விலக்கி வைத்தது. ஒருமுறை தவறினால் அசதி எனலாம். 1999ஆம் ஆண்டிலேயே இரண்டு முறை விலக்கி வைத்தார்கள். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தது பழைய கதை. இங்கே பூனை விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது, கமிட்டி கூடி, டீ பிஸ்கட் சாப்பிட்டு, தீர்மானம் போட்டுப் பால் பாத்திரத்தைத் திறந்து வைத்தது.

அமெரிக்கா வீட்டு விவகாரம், நமக்கென்ன என்கிறீர்களா? பொறுங்கள். இந்த நிபுணத்துவத்துக்கு நாமும் டியூஷன் பீஸ் கட்டியிருக்கிறோம்.

மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டம். குஹாகர் வட்டத்தில் கடலோரமாக மீனவர்களும் மாந்தோப்புகளும் இருக்கிற பகுதி. தாபோல் என்ற பெயரில் அங்கே ஒரு மின்நிலையம் முளைத்தது. 1992 ஜூனில் என்ரான் ஆட்கள் இந்தியா வந்தார்கள். சில நாட்களிலேயே, அந்த மாதம் 20ஆம் தேதி, மாநில மின்வாரியத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. டெண்டர் கிடையாது. போட்டி கிடையாது. ரேஷன் கார்டில் ஒரு குழந்தையின் பெயரைச் சேர்க்க இதைவிட அதிக நாள் ஆகும் இந்த நாட்டில்.

1993 ஏப்ரலில் உலக வங்கி ஒரு கடிதம் எழுதியது. இறக்குமதி எரிவாயுவில் ஓடும் இந்தத் திட்டம் பொருளாதார ரீதியில் கட்டுப்படியாகாது, இதற்குக் கடன் தர முடியாது என்றது. யோசித்துப் பாருங்கள். கடன் கொடுப்பதற்காகவே அவதரித்த நிறுவனம். ஏழை நாடுகளைத் துரத்தித் துரத்திக் கடன் கொடுக்கிற நிறுவனம். அதுவே வேண்டாம் என்றது. அடகுக்கடைக்காரர் உரசிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்த நகையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஊர்வலம் போனார்கள் நம்மவர்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் மின்கொள்முதல் ஒப்பந்தம். அதன் சாரம் எளிது. நிலையம் தயாராக இருந்தால் போதும், மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வாரியம் பணம் கட்டவேண்டும். மெஸ்ஸில் சாப்பிட்டாலும் பட்டினி கிடந்தாலும் மாதாந்திர டோக்கன் பணம் மாதிரி. ஒரே வித்தியாசம், இந்த மெஸ்ஸில் பில் டாலரில். ரூபாய் விழுந்தால் சாம்பாரின் விலை ஏறும். எரிபொருள் விலை ஏறினாலும் நம் தலையில். வாரியம் கட்டாவிட்டால் மாநில அரசின் உத்தரவாதம். மாநிலமும் கட்டாவிட்டால் மத்திய அரசின் எதிர் உத்தரவாதம். பெண் செத்தாலென்ன, மாப்பிள்ளை செத்தாலென்ன, மாலைப்பணம் வந்தால் சரி என்ற பழமொழியைச் சட்டத் தமிழில் எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

தொழில்முனைவோர் துணிந்து ஆபத்தை ஏற்கிறார்கள், அதனால் லாபம் அவர்களுக்கு உரியது என்று பொருளாதார வகுப்பில் சொல்லித் தருவார்கள். இங்கே ஆபத்து முழுவதும் நமக்கு. லாபம் அவர்களுக்கு. துணிச்சல் யாருடையது என்று நீங்களே சொல்லுங்கள்.

இதைப் புரியவைக்கச் செலவும் ஆனது. 1995ல் என்ரான் அதிகாரி ஒருவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்னார். இந்தத் திட்டத்துக்காக இந்தியர்களுக்குக் கல்வி புகட்டுவது போன்றவற்றில் மட்டும் சுமார் 2 கோடி டாலர் செலவிட்டோம் என்று. இரண்டு கோடி டாலர்! மாணவர் பட்டியல் வெளியாகவில்லை. சான்றிதழ் கொடுத்ததாகவும் தகவல் இல்லை. வருகைப் பதிவேடே இல்லாத பள்ளிக்கூடம் இந்தியக் கல்வி வரலாற்றில் அது ஒன்றுதான்.

கல்வி நன்றாகவே ஏறியது. காங்கிரஸ் ஆட்சி கையெழுத்திட்டது. என்ரானை அரபிக்கடலில் தூக்கி வீசுவோம் என்று முழங்கி 1995ல் ஆட்சிக்கு வந்தது சிவசேனா-பாஜக கூட்டணி. சொன்னபடியே ஆகஸ்டில் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். மக்கள் கைதட்டினார்கள். என்ரானின் ரெபெக்கா மார்க் வந்தார், பால் தாக்கரேயைச் சந்தித்தார், பேச்சு நடந்தது. 1996 தொடக்கத்தில் ஒப்பந்தம் கடலிலிருந்து எழுந்து வந்தது. வரும்போது முன்பைவிடப் பெரிதாக வந்தது. 2,015 மெகாவாட் திட்டம் 2,184 ஆகியிருந்தது. கடல்காற்று உடம்புக்கு நல்லது என்பார்கள்.

மே மாதம் டில்லியில் வாஜ்பாயின் 13 நாள் அரசு. பெரும்பான்மை இல்லை. நாடாளுமன்றத்தில் நம்பிக்கைத் தீர்மான விவாதம் நடக்கிறது. அரசு விழப்போவது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடைசி நேரத்தில் அமைச்சரவை கூடி ஒரு காரியத்தை முடித்தது. தாபோலுக்கான எதிர் உத்தரவாதம். தலைக்குமேல் வெள்ளம் போகும்போது மனிதன் எதைக் காப்பாற்றுகிறான் என்று பார்த்தால் அவன் மனசு தெரியும்.

இந்தக் காலத்தில் டில்லியில் அமெரிக்கத் தூதராக இருந்தவர் ஃபிராங்க் விஸ்னர். 1994 முதல் 1997 வரை. அமெரிக்க நிறுவனங்களின் நலனைப் பேசுவது தூதரின் வேலை, அதில் குறை சொல்ல முடியாது. 1997ல் பதவி முடிந்தது. அக்டோபரில் என்ரான் ஆயில் அண்ட் கேஸ் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். அதோடு ஏஐஜி என்ற காப்பீட்டு நிறுவனத்தின் துணைத் தலைவர் பதவியும். அந்த ஏஐஜிதான் 2008ல் கவிழ்ந்து, முதல் தவணையாகவே 8,500 கோடி டாலர் அரசுக் கடன் வாங்கி உயிர் பிழைத்தது. சிலருக்குக் கைராசி என்று சொல்வார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இனி, பயோடேட்டா இல்லாதவர்கள். 1997 ஜூன் 3, விடியாத நேரம். தாபோல் நிலையத்தை எதிர்த்துப் போராடிய வெல்தூர் என்ற மீனவ கிராமம். ஆண்கள் பலர் கடலுக்குப் போயிருந்தார்கள். போலீஸ் புகுந்தது. கதவை உடைத்துப் பெண்களை இழுத்துப்போட்டு அடித்துக் கைது செய்தது. அடி வாங்கியவர்களில் ஒருவர் கர்ப்பிணி. மனித உரிமைக் கண்காணிப்பு அமைப்பு 1999 ஜனவரியில் இதையெல்லாம் பதிவு செய்து அறிக்கை வெளியிட்டது. நிலையத்தைக் காத்த சிறப்புக் காவல் படைக்கான செலவைத் தாபோல் நிறுவனமே கொடுத்தது என்பதும் அதில் இருக்கிறது. லத்திக்கும் மின்கொள்முதல் ஒப்பந்தம் மாதிரியே ஏற்பாடு. அடி விழுந்தாலும் விழாவிட்டாலும் வாடகை உண்டு.

அந்தப் பெண்கள் என்ன சொன்னார்கள்? மீன் போய்விடும், நிலம் போய்விடும், இந்த மின்சாரம் நமக்கு வராது என்றார்கள். புனேயின் பிரயாஸ் குழு ஒப்பந்தத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்து, இது வாரியத்தைத் தின்றுவிடும் என்றது. தொழிற்சங்கத்தினர் நீதிமன்றத்துக்குப் போய்த் தோற்றார்கள். இவர்கள் யாரும் நிபுணர்கள் இல்லை என்று அப்போது சொல்லப்பட்டது. வளர்ச்சியின் எதிரிகள் என்றும் சொல்லப்பட்டது.

1999 மே மாதம் முதல் கட்டம், 740 மெகாவாட், ஓடத் தொடங்கியது. வாரியம் கொஞ்சமாக மின்சாரம் எடுத்தது, முழுசாக நிலைக்கட்டணம் கட்டியது. ஒரு கட்டத்தில் யூனிட் விலை 7 ரூபாயைத் தாண்டியது. வாரியம் மூச்சுத் திணறிப் பணம் கட்டாமல் நின்றது. 2001ல் மாநில அரசு முன்னாள் உள்துறைச் செயலர் மாதவ் கோட்போலே தலைமையில் குழு போட்டது. எல்லா மட்டத்திலும் ஆட்சிமுறை தோற்றுப்போயிருக்கிறது என்றது குழு. இதை வெல்தூரில் கேட்டிருந்தால் டீ செலவோடு முடிந்திருக்கும். 2001 மே மாதம் நிலையம் நின்றது.

உடனே வாஷிங்டனில் கவலை. அப்போது துணை ஜனாதிபதி டிக் செனி. அவருடைய பயோடேட்டா: 1989 முதல் 1993 வரை பாதுகாப்பு அமைச்சர். 1995 முதல் 2000 வரை ஹாலிபர்ட்டன் என்ற எண்ணெய்ச் சேவை நிறுவனத்தின் தலைவர். 2001ல் துணை ஜனாதிபதி, வந்தவுடன் நாட்டின் எரிசக்திக் கொள்கை வகுக்கும் குழுவுக்குத் தலைவர். ஜூன் மாதம் அமெரிக்கா வந்த சோனியா காந்தியிடம் தாபோல் பாக்கியைப் பற்றிப் பேசினார். எதிர்க்கட்சித் தலைவரிடம் பாக்கி கேட்கிற அளவுக்குத் தொழில் பக்தி! பின்னால் இராக் போர் வந்தபோது ஹாலிபர்ட்டனின் துணை நிறுவனத்துக்கு ஒப்பந்தங்கள் கொட்டின. எல்லாம் தகுதி அடிப்படையில்தான்.

2001 டிசம்பர் 2. என்ரான் திவால். முந்தைய ஆண்டு 90 டாலரைத் தொட்ட பங்கு ஒரு டாலருக்குக் கீழே. ஆயிரக்கணக்கான ஊழியர்களின் ஓய்வூதியச் சேமிப்பு என்ரான் பங்கிலேயே இருந்தது, ஆவியானது. திவால் மனுவுக்குச் சில நாள் முன்பு சுமார் 500 முக்கியஸ்தர்களுக்கு 5.5 கோடி டாலர் போனஸ் கொடுக்கப்பட்டது. கம்பெனியை விட்டுப் போகாமல் இருப்பதற்காகவாம். கம்பெனியே போய்க்கொண்டிருந்தது.

முதலீட்டு நிபுணர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்க மறந்துவிட்டேனே. தர மதிப்பீட்டு நிறுவனங்கள் என்ரானின் கடன் பத்திரத்தை 'முதலீட்டுக்கு ஏற்றது' என்றே வைத்திருந்தன. எப்போது வரை? நவம்பர் 28 வரை. திவாலுக்கு நான்கு நாள் முன்பு. நோயாளியைப் பாடையில் ஏற்றும்போது 'கொஞ்சம் சோர்வாகத் தெரிகிறார்' என்று சொல்கிற டாக்டருக்கு நம் ஊரில் என்ன நடக்கும்? அந்த நிறுவனங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. சில வருடம் கழித்து வீட்டுக்கடன் பத்திரங்களுக்கும் அவைதான் மதிப்பெண் போட்டன. அதுவும் உங்களுக்குத் தெரிந்த கதை. என்ரானை அமெரிக்காவின் மிகப் புதுமையான கம்பெனி என்று ஆறு வருடம் தொடர்ந்து தேர்ந்தெடுத்தது ஃபார்ச்சூன் பத்திரிகை. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அப்படி ஒரு கணக்கு யாரும் எழுதியதில்லை.

என்ரானின் ஆலோசனைக் குழுவில் இருந்த ராபர்ட் ஜோயலிக் என்பவரை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். பிறகு அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி. பிறகு கோல்ட்மேன் சாக்ஸ். பிறகு 2007ல் ஒரு நிறுவனத்துக்குத் தலைவரானார். எந்த நிறுவனம்? தாபோல் கட்டுப்படியாகாது என்று 1993ல் கடிதம் எழுதியதே, அந்த உலக வங்கிக்கு.

இது அமெரிக்க வியாதி என்று ஐரோப்பியர்கள் கொஞ்ச காலம் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியின் சான்சலர் கெர்ஹார்ட் ஷ்ரோடர், 2005 செப்டம்பரில் புதினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நார்ட் ஸ்ட்ரீம் எரிவாயுக் குழாய்த் திட்டத்துக்கு ஆசி வழங்கினார். அதே மாதம் தேர்தல். பெரும்பான்மை போயிற்று. பதவியை ஒப்படைப்பதற்குள் அந்தக் குழாய்க்காக 100 கோடி யூரோ கடன் உத்தரவாதத்துக்கும் அவர் அரசு ஒப்புதல் கொடுத்தது. நவம்பரில் வீட்டுக்குப் போனார். டிசம்பரில் அதே குழாய்க் கம்பெனியின் பங்குதாரர் குழுத் தலைவராக அறிவிக்கப்பட்டார். ஆண்டுக்கு 2.5 லட்சம் யூரோ. 2017ல் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் எண்ணெய் நிறுவனத்தின் தலைவர். குழாய்க் கம்பெனியின் நிர்வாக இயக்குநராக இருந்தவர் மத்தியாஸ் வார்னிக். கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறையான ஸ்டாசியில் அதிகாரி, பிறகு வங்கியாளர், பிறகு எரிவாயு. உளவு, பணம், வாயு. மூன்றும் கண்ணுக்குத் தெரியாமல் பாயக்கூடியவை, அனுபவம் வீண் போகவில்லை.

பிரான்சின் முன்னாள் பிரதமர் ஃபிரான்சுவா ஃபியோன் இரண்டு ரஷ்ய நிறுவனங்களின் குழுவில் சேர்ந்தார். ஆஸ்திரியாவின் வெளியுறவு அமைச்சர் கரீன் க்னைஸ்ல், 2018ல் தன் கல்யாணத்துக்குப் புதினை அழைத்து அவருடன் நடனமாடி, முடிவில் மண்டியிட்டு வணங்கினார். 2021ல் ரோஸ்நெஃப்ட் இயக்குநர் ஆனார். கடைசியில் ரஷ்யாவுக்கே குடிபெயர்ந்தார், அவருடைய மட்டக்குதிரைகள் ராணுவ விமானத்தில் போய்ச் சேர்ந்தன. நம் ஊரில் அமைச்சர்கள் மொய் எழுதிப் பார்த்திருக்கிறோம். கல்யாண வீட்டிலேயே வேலைக்கு விண்ணப்பம் போட்டு இப்போதுதான் பார்க்கிறோம்.

பிறகு என்ன? 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர். வாயு நின்றது. செப்டம்பரில் குழாய் வெடித்தது. எரிவாயு விலை தலைக்கேறியதும் ஜெர்மன் அரசு 20,000 கோடி யூரோ வரை நிவாரணத் திட்டம் அறிவித்தது. ஷ்ரோடருக்குத் தண்டனை? நாடாளுமன்றக் குழு அவருடைய அரசு அலுவலகத்தைப் பிடுங்கியது. அலுவலகத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று வழக்குப் போட்டார். ரோஷக்காரர்.

இங்கே நம் நாட்டில் விதி இருக்கிறது. ஐஏஎஸ் அதிகாரி ஓய்வு பெற்று ஓர் ஆண்டு ஆறவேண்டும், அதற்குப் பிறகுதான் தனியார் வேலை. சோறு ஆறுவது மாதிரி. ஆனால் அரசிடம் அனுமதி வாங்கிவிட்டால் ஆறாமலும் பரிமாறலாம். அமைச்சர்களுக்கு? அவர்களுக்கு இந்த விதியும் கிடையாது. சூடு ஆறாத தட்டோடு நேராகப் பந்திக்குப் போகலாம். கரண்ட் பில் கட்ட ஒரு நாள் தாமதித்தால் நமக்கு அபராதம், இன்னும் தாமதித்தால் ஃபியூஸைப் பிடுங்க ஆள் வந்துவிடுகிறது. அந்த ஆள் என்றைக்காவது ஒரு நிபுணர் வீட்டு வாசலில் நின்று பார்த்திருக்கிறீர்களா?

தாபோல் என்ன ஆயிற்று? 2005ல் அரசு நிறுவனங்களான என்டிபிசியும் கெயிலும் சேர்ந்து அதை எடுத்துப் பெயரை மாற்றின. ரத்னகிரி எரிவாயு மின்நிறுவனம். பெயர் மாறியதும் வாயு வந்துவிடுமா? 2013 கடைசியில் எரிவாயு இல்லாமல் நின்றது. 2015ல் ரயில்வே கொஞ்சம் மின்சாரம் வாங்கிக்கொள்கிறேன் என்றதால் மறுபடி மூச்சு வந்தது. தனியார் திறமையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அரசுக்குப் பாடம் நடத்திய திட்டம், அரசின் இடுப்பில் ஏறி, அரசின் ரயிலுக்கு மின்சாரம் விற்றுப் பிழைத்தது.

கென்னத் லே தண்டனை அறிவிக்கப்படுவதற்கு முன்பே 2006ல் இறந்தார், சட்டப்படி தீர்ப்பே ரத்தானது. தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஜெஃப் ஸ்கில்லிங் உள்ளே போனார். ஹார்வர்டு எம்பிஏ, மெக்கின்சியின் ஆலோசகர், பிறகு என்ரான். 24 ஆண்டு தண்டனை 14 ஆகக் குறைந்து, 2019 பிப்ரவரியில் வெளியே வந்தார்.

அடுத்த ஆண்டே செய்தி வந்தது. எண்ணெய், எரிவாயுத் திட்டங்களையும் முதலீட்டாளர்களையும் இணைக்கும் இணையத் தொழில் ஒன்றுக்கு ஸ்கில்லிங் பணம் திரட்டுகிறாராம்.

புதிய கம்பெனியின் பெயர் வெல்ட். ஆங்கிலத்தில் இன்னும் இரண்டு எழுத்துச் சேர்த்தால் போலீஸ் கதவை உடைத்த ஊரின் பெயர் வந்துவிடும். அந்த ஊரை அவர் கேள்விப்பட்டிருக்கமாட்டார். எந்தப் பயோடேட்டாவிலும் அது இல்லை.